பச்சைப் புகை அறை

அத்தியாயம் ஏழு

"மோந்து பாரு" என்றார் சார்ஜென்ட் ஹிக்சன்.

"இப்பதான் சாப்பிட்டுட்டு வரேன்" என்றேன்.

"என்ன சாப்பிட்டே?"

"ஆட்டுக் குடல். வினிகர் ஊத்தி."

"அதையே முழுங்கினவளுக்கு இது ஒண்ணும் பண்ணாது. மோந்து பாரு."

மார்ஷ்கேட் காவல் நிலையத்து மேசை மேல் கிடந்தது ஒரு கம்பளித் துணிச் சுருள். டங்கர்லி சோடா ஆலையில் சலவைத்தூள் அள்ளுகிறவர்கள் முகத்தில் பல சுற்றாகச் சுற்றிக்கொள்ளும் வாய்க்கட்டு. குனிந்து மோந்தேன். முதலில் குளோரின் மூக்கைக் கிள்ளியது. அதன் பின்னால் அழுகிய முட்டை. அதற்கும் அடியில், காய்ந்துபோன யாரோ ஒருவனின் எச்சில்.

"த்தூ!"

"தரையில துப்பாதே."

"இந்தத் தரைக்கு அது குளிப்பாட்டின மாதிரி."

என் அத்தான் அப்னர் ஹாலம் சிரிக்கவில்லை. வாரிங்டனில் போலீஸாக இருந்து, மேலதிகாரியை முட்டாள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர். இப்போது துப்புத் துலக்கிப் பிழைக்கிறார். என் அக்கா போன பிறகு அவருக்குச் சமைத்துப் போடுவது நான். அவர் பேசாமல் விடுவதையெல்லாம் பேசித் தீர்ப்பதும் நான்தான்.

"எங்க கிடைச்சுது?" என்றார் அத்தான்.

"ஆலைக்குப் பின்னாடி கழிவு மேட்டுல, கந்தல் பொறுக்குற கிழவி கையில. ஓரத்துல சிவப்புக் கம்பளி நூல்ல பெருக்கல் குறி பார்த்தீங்களா? சேத் பிப்பியோட சம்சாரம் போட்ட அடையாளம். துணி சேத்தோடது. சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி ஜேபஸ், காலியா கிடந்த சலவைத்தூள் அறைக்குள்ள தரையைப் பார்க்கப் போயிருக்கான். வாய்க்கட்டும் கண்ணாடியும் போட்ட ஒருத்தன் வெளியில தாழ்ப்பாளைப் போட்டுட்டுக் குளோரின் குழாயைத் திறந்துவிட்டுட்டான். அறை பூரா பச்சைப் புகை. கதவைத் திறந்தப்ப..." ஹிக்சன் நிறுத்தினார். "அவன் நகத்தையெல்லாம் கதவுல விட்டிருந்தான்."

"பார்த்தது யாரு?"

"வண்டிக்காரன். பின்பக்கமாத்தான் பார்த்தான். அந்தக் கோலத்துல எல்லாவனும் ஒரே மாதிரிதானே? ஆனா அன்னிக்கு மத்தியானம் சேத் ஊர் பார்க்க ஜேபஸோட சட்டையைப் பிடிச்சு, 'உன்னை உசிரோட விடமாட்டேன்'னு கத்தினான். போதாதா? இன்னிக்கு ரெண்டு மணிக்குப் படகுத்துறை விடுதியில மரண விசாரணை. ஜூரி அவன் பேரைச் சொன்னா சாயங்கால ரயில்ல லிவர்பூல் ஜெயில். அப்புறம் கயிறு."

அத்தான் அந்தத் துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். சளிச் சுவடு, வெள்ளைத் தூள், வாய் கவ்விய பள்ளம். முகத்தோடு ஒட்டும் கடைசிச் சுற்றில், மேல் ஓரத்தில், ஒரு பழுப்புக் கறை.

"மூக்குப்பொடி" என்றேன்.

அவர் நகத்தால் சுரண்டினார். "விறைப்பா இருக்கே?"

"சளியும் சேர்ந்து காய்ஞ்சா பட்டு மாதிரியா இருக்கும்? சீ, கையை எடுங்க அத்தான். அதே கையாலதான் ரொட்டி பிப்பீங்க."

"ஹிக்சன், மேல் ஓரத்துல ஏன் கறை?"

"மூக்கு அங்கதானே இருக்கும்?"

"நீ பிரஸ்டன்காரன், இந்த ஊர் ஆலை வழக்கம் உனக்குத் தெரியாது" என்றார் அத்தான், நோயாளியிடம் பேசுவது போல. "சேத்தைக் கூட்டிட்டு வா. ஒரு துண்டும் எடுத்துட்டு வா."

சேத் பிப்பி வந்தான். வயது முப்பதுதான். ஆனால் முன்பல் ஒன்றுகூட இல்லை. இந்த ஆலையில் உப்பு உலைப் பக்கம் நாலு வருஷம் நின்றால் பல் தானாகக் கரைந்துவிடும். துண்டைக் கொடுத்து, வேலைக்குப் போகிற மாதிரி கட்டச் சொன்னார் அத்தான். சேத் அதை மடித்து, வாயில் அழுத்தி, ஈறால் கவ்விக்கொண்டு பிடரிக்குப் பின்னால் முடிச்சுப் போட்டான். மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"மூக்கை மூடலையா?" என்றார் ஹிக்சன்.

சேத் துண்டை இறக்கினான். "மூக்கை மூடினா சாகறதுதான். வாயால உள்ள இழுக்கணும், மூக்கால வெளிய விடணும். மூக்கையும் சேர்த்துக் கட்டினா விடுற மூச்சு துணியை நனைச்சிடும், கண்ணாடி மங்கிடும். கதவு எந்தப் பக்கம்னே தெரியாது. இது யாருக்குத் தெரியாது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் அத்தான். "யாருக்குத் தெரியாது?"

ஹிக்சன் தாடையைச் சொறிந்தார். "ஒரு கறையைக் காட்டினா ஜூரி இவனை விட்டுடுமா? ஜூரி பூரா மளிகைக்காரனும் துணிக்காரனும். மூக்கை மூடினவனையே கொண்டாந்து நிறுத்துங்க. ரெண்டு மணிக்குள்ள."

சேத் என்னைப் பார்த்தான். "கெசையாகிட்ட ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கக்கா. வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டுப் பட்டினி கிடப்பா."

*

ஓடைச் சந்தில் நுழைந்தாலே என் குடல் மேலே வந்து எட்டிப் பார்க்கும். ஓடை என்பது பெயருக்கு. மஞ்சளாக, திரிந்த பால் மாதிரி ஒன்று நகர்கிறது. அதில் எப்போதும் குமிழி. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது ஓர் அழுகிய முட்டை. சந்தில் வெள்ளை அடித்த கதவெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. கரண்டியெல்லாம் கறுப்பு.

கெசையா பிப்பி வாசற்படியிலேயே நின்றிருந்தாள். வயிறு முன்னால், கை இடுப்பில்.

"விட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா. நீ சாப்பிட்டியா? அவன் கேட்டான்" என்றேன்.

"இந்த நாத்தத்துல எவ சாப்பிடுவா? கேக்க வந்துட்டான். அவன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா..." அவள் வயிற்றை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"சேத் ஏன் ஜேபஸோட சட்டையைப் பிடிச்சான்?" என்றார் அத்தான்.

அவள் பக்கத்து வீட்டைக் கையால் காட்டினாள். ஜன்னலில் கறுப்புத் துணி. "அது ஜேபஸ் பொண்ணு வீடு. ஆலையில புகையைக் கழுவுற கோபுரம் இருக்குல்ல? கழுவின அமிலத் தண்ணியை ராத்திரியில இந்த ஓடையில திறந்துவிடுவாங்க. அது கழிவு மேட்டுச் சாறோட கலந்தா இந்த நாத்தம் பொங்கும். போன வாரம் ரொம்பப் பொங்குச்சு. காலையில பார்த்தா தொட்டில்ல குழந்தைக்கு மூச்சு இல்ல. ஜேபஸோட பேரக் குழந்தை. மதகைத் திறந்ததே ஜேபஸ்தான்னு சேத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. சொந்தப் பேரனையே கொன்னுட்டியேன்னு பிடிச்சான்."

"ஜேபஸ் என்ன சொன்னான்?"

"அழுதான். 'மேலேருந்து திறக்கச் சொன்னாங்க, திறந்தேன். திங்கக்கிழமை ஊர்க் கூட்டத்துல யாருன்னு சொல்லிடறேன்'னான். அதுக்குள்ளதான் முடிச்சிட்டாங்களே!"

"மேலேருந்துன்னா டங்கர்லி!" என்றேன். "மேனேஜர். அவன் மூக்குப்பொடிப் பிசாசு அத்தான்! போட்ட பொடியில பாதி அவன் மீசையிலதான் இருக்கும்."

அத்தான் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு செத்த எலி மிதந்து வந்தது. அதற்கு மயிரே இல்லை.

*

பெர்சிவல் டங்கர்லி தன் அறையில் எங்களை நிற்க வைத்தே பேசினார். வெள்ளி டப்பியைத் திறப்பார், ஒரு சிட்டிகை, அண்ணாந்து ஒரு தும்மல். மூன்றாவது தும்மலில் என் கன்னத்தில் ஈரம் பட்டது. துடைத்த கைக்குட்டையை அங்கேயே எரித்துவிடலாமா என்று இருந்தது.

"எனக்கு ஒரு மேஸ்திரி குறையுது" என்றார். "ரெண்டு நாளா தூள் அள்ள முடியலை. சீக்கிரம் தூக்குல போடச் சொல்லுங்க. வேலை நடக்கணும்."

"யாரை?" என்றேன்.

"யாரையாவது."

"ஐயா, ஒரு சிட்டிகை கிடைக்குமா?" என்றார் அத்தான்.

அத்தான் பொடி போடுகிறவர் இல்லை. டங்கர்லி பெருமையோடு டப்பியை நீட்டினார். அத்தான் ஒரு சிட்டிகை எடுத்தார். முதுகைத் திருப்பி, எச்சில் தொட்டு, தன் சட்டைக் கை மடிப்பில் அழுத்தித் தேய்த்துக்கொண்டார். என்ன அசிங்கமான பழக்கம் என்று நினைத்தேன். ஆனால் காரணம் புரிந்துவிட்டதால் பெருமையாகவும் இருந்தது. ஒத்துப் பார்க்கப்போகிறார்!

வெளியே வந்ததும், "ஹிக்சனைக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"ஆலைக் கெமிஸ்டைப் பார்த்துட்டுப் போவோம்."

"அவர்கிட்ட என்ன இருக்கு? தங்கமான மனுஷன்."

லூஷியஸ் லோமாக்ஸை ஊரில் குறை சொல்கிறவர் இல்லை. ஜெர்மனியில் ரசாயனம் படித்துவிட்டு இளைஞனாக இங்கே வந்தார். அப்போது ஆலைப் புகையில் ஒரு புல்கூட முளைக்காது. குதிரைகள் இருமும். கோபுரம் கட்டி, உள்ளே கரியை அடுக்கி, மேலிருந்து தண்ணீர் விட்டுப் புகையைக் கழுவினார். புகை தணிந்தது. அவர் ஆய்வறைச் சுவரில் ஊர் மக்கள் கொடுத்த வெள்ளித் தட்டு மாட்டியிருந்தது. 'எங்கள் காற்றைக் கழுவிய கைகளுக்கு' என்று அதில் எழுதியிருந்தார்கள். தட்டு கறுத்துப்போயிருந்தது.

வெள்ளைத் தலை, மெல்லிய குரல், மார்புப் பையில் கறுப்புக் கைக்குட்டை. அதை அடிக்கடி எடுத்து மூக்கின் ஓரத்தில் ஒற்றிக்கொண்டார். துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

"பாவம் ஜேபஸ்" என்றார். "அந்த வாய்க்கட்டு முறையே நான் யோசிச்சதுதான், தெரியுமா? வருஷா வருஷம் விட்சன் திருநாள்ல எல்லாரையும் உக்கார வெச்சு எப்படிக் கட்டணும்னு சொல்லிக்குடுக்கறேன். அப்படியே கேட்டுக்குவாங்க. குழந்தைங்க மாதிரி."

"தூள் அள்ளறப்ப உள்ள போய்ப் பார்ப்பீங்களா?" என்றார் அத்தான்.

"நானா? எதுக்கு? என் நுரையீரலும் இந்த ஆலையோட சொத்துதானே?" லேசாகச் சிரித்தார்.

"புகையைக் கழுவின தண்ணி எங்க போகுது ஐயா?"

"தண்ணி, தண்ணி போற இடத்துக்குப் போகும். என் வேலை காற்று." கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். "ரெண்டு மணிக்கு நானும் சாட்சி சொல்றேன். அந்த வாயு ஆளை எப்படிக் கொல்லும்னு ஜூரிக்கு விளக்கணுமாம்."

"கூடவே வாய்க்கட்டை எப்படிக் கட்டறதுன்னும் காட்டிட்டீங்கன்னா நல்லா இருக்கும். ஜூரியில பாதிப் பேர் பார்த்ததே இல்ல."

"தாராளமா!"

படி இறங்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. "டங்கர்லியை விட்டுட்டு இந்த மனுஷன்கிட்ட வித்தை காட்டச் சொல்றீங்களே, அங்க ஒருத்தன் கழுத்து கயித்துல இருக்கு அத்தான்!"

அத்தான் சட்டைக் கையை நீட்டினார். எச்சில் காய்ந்திருந்தது. தேய்த்த பொடி தூளாக உதிர்ந்து, துணி பழையபடி துவண்டு கிடந்தது.

"உதிர்ந்துபோச்சு. அதுக்கு?"

"துணிக்கடைக்குப் போய்ப் புதுக் கம்பளித் துணி வாங்கிட்டு வா. வெள்ளையா."

*

பிணத்தை ஜூரி பார்த்தாக வேண்டும் என்பது விதி. விடுதியின் குதிரைக் கொட்டடியில் ஜேபஸைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளே போன ஜூரிக்காரர்கள் வெளியே வந்து வரிசையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். விடுதிக்காரன் ஆளுக்கு ஒரு பிராந்தியை நீட்டி, உடனே காசையும் வாங்கிக்கொண்டான். அதற்கு முன் எந்தச் சாவுக்கும் அவன் அவ்வளவு சுறுசுறுப்பாக ஓடி நான் பார்த்ததில்லை.

அறை நிறைந்திருந்தது. பின்னால் தூள் அள்ளுகிறவர்கள் கும்பலாக, முகமெல்லாம் சிவந்து உரிந்து. கெசையா ஜன்னலோரம், உட்கார மறுத்து. சேத் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில். முன்வரிசையில் டங்கர்லி தும்மிக்கொண்டிருந்தார்.

லோமாக்ஸ் அழகாகச் சாட்சி சொன்னார். அந்த வாயு கனமானது, கீழேயே தங்கும், விழுந்தவன் எழ முடியாது. ஒரு ஜூரிக்காரர் மறுபடி பிராந்தி கேட்டார்.

விசாரணை அதிகாரி அனுமதி கொடுத்ததும் அத்தான் எழுந்தார். "ஐயா, கொன்னவன் இந்த மாதிரி ஒண்ணைக் கட்டியிருந்தான். சரியா எப்படிக் கட்டணும்னு ஜூரிக்குக் காட்டறீங்களா?"

நான் வெள்ளைத் துணியைக் கொடுத்தேன். லோமாக்ஸ் பாடம் நடத்துகிறவரின் நிதானத்தோடு அதை மடித்தார். வாய் மேல் ஒரு சுற்று. மூக்கு மேல் ஒரு சுற்று. இன்னும், இன்னும். கண்ணுக்குக் கீழே வரை மூடி, பிடரியில் இறுக்கி முடிச்சுப் போட்டார்.

பிறகு பின்னாலிருந்து ஒருவன் இருமினான். இருமல் இல்லை அது, சிரிப்பு.

"கெமிஸ்ட் ஐயா! இப்படிக் கட்டினா ஒரு பீப்பாய் தூள் நிறையறதுக்குள்ள நாங்க பொணம்!"

"மூக்கை அவுத்து விடுங்கய்யா, அது என்ன தப்பு பண்ணுச்சு?"

கூட்டம் அலறிச் சிரித்தது. விசாரணை அதிகாரி மேசையைத் தட்டினார். லோமாக்ஸ் துணிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

"நீங்க எப்படிக் கட்டுவீங்க?" என்று அத்தான் பின்பக்கம் பார்த்துக் கேட்டார்.

கையில் கிடைத்த கழுத்துத் துணியையெல்லாம் எடுத்து அவர்கள் கட்டிக்காட்டினார்கள். அறை முழுக்க மூக்கு. கோணல் மூக்கு, உரிந்த மூக்கு, சப்பை மூக்கு. எல்லாம் வெளியே.

"வருஷா வருஷம் இவர் சொல்வார், இவங்க தலையாட்டிட்டு வந்து தங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி கட்டுவாங்க" என்றார் அத்தான். "இவர் ஒருநாளும் உள்ள வந்து பார்த்ததில்ல. மார்ஷ்கேட்லயே மூக்கை மூடிக் கட்டுறவர் ஒருத்தர்தான். சனிக்கிழமை, ஆலையில தொங்கின சேத்தோட துணியை எடுத்துக் கட்டித் தாழ்ப்பாளைப் போட்டவனும் மூக்கை மூடியிருந்தான்."

டங்கர்லி தும்மக்கூட மறந்துவிட்டார்.

லோமாக்ஸ் துணியின் கீழ்ப்பகுதியை வாயிலிருந்து விலக்கினார். மூக்கின் மேல் மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டார். "முட்டாள்தனம்! ஆலையில குமாஸ்தா இருக்கான், மேனேஜர் இருக்கார். அவங்களுக்கும்தான் கட்டத் தெரியாது. அந்தக் கறை மூக்குப்பொடின்னு சார்ஜென்டே சாட்சியில சொன்னார். நான் பொடி போடுறதில்ல."

"துணியை முழுசா எடுங்க ஐயா."

"அவசியமில்லை."

"எடுங்க."

அவருடைய இன்னொரு கை கறுப்புக் கைக்குட்டையைத் தேடியது. ஹிக்சன் முந்திக்கொண்டார். துணியைப் பிடித்து இழுத்து மேசை மேல் விரித்தார். வெள்ளைத் துணி. உள்சுற்று. மேல் ஓரம். அங்கே சின்னதாக, ஈரமாக, சிவப்பு. பக்கத்தில் அத்தான் பழைய வாய்க்கட்டை விரித்தார். அதே இடத்தில் பழுப்பு.

"பொடி காய்ஞ்சா உதிரும், ரத்தம் காய்ஞ்சா விறைக்கும்" என்றார் அத்தான். "இறுக்கிக் கட்டினா இவர் மூக்கு தாங்காது. ரொம்ப வருஷத்து அமிலம் உள்ளயே அரிச்சு வெச்சிருக்கு. அதுக்குத்தான் கறுப்புக் கைக்குட்டை. வெள்ளையில தெரிஞ்சிடுமே. காற்றைக் கழுவினவரோட மூக்கே அழுகியிருக்குன்னு ஊருக்குத் தெரியக் கூடாது."

லோமாக்ஸின் மேலுதட்டில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. அவர் அதை நாக்கால் தடவிக்கொண்டார். பழக்கம் போல இருக்கிறது.

"ஒரு குழந்தை" என்றார், அதே மெல்லிய குரலில். "அதுவும் நோஞ்சான் குழந்தை. அதுக்காக அந்த ஆள் கூட்டத்துல எழுந்து நின்னு, மதகைத் திறக்கச் சொன்னது நான்தான்னு சொல்லி என் கோபுரத்தையே இடிக்கப் பார்த்தான். மரம் மறுபடி துளிர்த்துதா இல்லையா? எனக்குத் தட்டு கொடுத்தீங்களே, அன்னிக்கு ஒருத்தராவது கழுவின தண்ணி எங்க போகுதுன்னு கேட்டீங்களா?"

தட்டுக்குப் பணம் வசூலித்த மளிகைக்காரர் ஜூரியில்தான் இருந்தார். அவர் தன் பிராந்திக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்.

சேத்தின் கைவிலங்கு லோமாக்ஸுக்கு மாறியது. விலங்கைப் பூட்டுமுன் ஹிக்சன் அதைத் தன் கால்சட்டையில் துடைத்தார். யாருக்காகத் துடைத்தார் என்று நான் கேட்கவில்லை. கெசையா அழவில்லை. புருஷன் பக்கத்தில் வந்து, அவன் சட்டைக் காலரைச் சரி பண்ணி, "நாத்தம் பிடிச்சவனே" என்றாள். அவன் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான்.

அப்போது டங்கர்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நல்லதா முடிஞ்சுது பிப்பி. ஜேபஸோட இடம் காலியா கிடக்கு. நீயே மேஸ்திரி. நாளைக் காலையில ஆறு மணி." பொடி அப்பிய விரல்களோடு கையை நீட்டினார்.

சேத் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"மதகு நாளைக்கும் திறக்குமா ஐயா?" என்றாள் கெசையா.

"அதெல்லாம் ஆலை விஷயம்மா. உனக்கு எதுக்கு?"

"அப்ப ஒண்ணு செய்யுங்க. எங்க சந்துக்கு வந்து, அந்த ஓடையில இந்தக் கையைக் கழுவிட்டு நீட்டுங்க. என் புருஷன் குலுக்குவார்."

இந்தத் தடவை பின்னால் யாரும் சிரிக்கவில்லை. தூள் அள்ளுகிறவர்கள் டங்கர்லியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் பார்த்தார். அந்தத் தண்ணீர் தோலை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்திலேயே தெரிந்தது. நீட்டிய கையை மெதுவாக மடக்கி, கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.